கரவன் கூரை ஏசி: காஸ் அடிக்க முதல் கரண்டைப் பாருங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "உழவு மிசின் பெட்டியின் சேசிஸில் சிறிய கரவன் ஒன்று கட்டியிருக்கிறோம். வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சகோதரங்கள் அதில் தங்குவார்கள். அண்ணா கனடாவிலிருந்து வீட்டுச் சாமான்களோடு அனுப்பிய 13,500 பிடியூ கூரை ஏசியைப் பூட்டியிருக்கிறோம். அது 120 வோல்ற்றுக்காரன். வீட்டுச் சுவரோரம் ரான்ஸ்போமரை வைத்து, அங்கிருந்து 1.5 வயர் 45 மீற்றர் இழுத்திருக்கிறோம். காலையில் ஓடுகிறது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு 'ம்ம்ம்' என்று ஐந்து செக்கன் முனகி, 'டக்' என்று நின்றுவிடுகிறது. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. ஓடும் நேரத்திலும் குளிர் போதாது, சில நாள் ஐஸ் கட்டுகிறது, உள்ளே கிறில் வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. காஸ் இறங்கிவிட்டது, குழாயில் வால்வு வைத்து அடிக்கவேண்டும் என்கிறார் மெக்கானிக். அடிக்கலாமா? 2.2 கேவீஏ ஜெனறேற்றரில் இதை ஓட்டலாமா?"

தம்பி, காஸ் அடிக்கும் ஆளை இப்போதைக்குக் கூப்பிடவேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: காலையில் ஓடுகிறது, பின்னேரம் முனகுகிறது. காஸுக்குக் காலை, மாலை தெரியாது. காஸ் குறைந்த ஏசியின் கொம்பிரசர் சுமை குறைந்து இன்னும் இலேசாகத்தான் எழும்பும். எழும்பி ஓடிக்கொண்டே குளிராமல் இருக்கும். முனகி நிற்பது வேறு வருத்தம். ஆறரை மணிக்கு ஊரெல்லாம் விளக்கும் ஃபேனும் தண்ணீர் மோட்டரும் போடும்போது, லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு வோல்ற்று விழுகிறது. பகல் வெயிலில் கொதித்த கொம்பிரசருக்கு எழும்ப அதிக பலம் தேவைப்படும் நேரமும் அதுதான்.

இன்னொன்று. கூரை ஏசிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே காஸ் நிரப்பி, குழாயை நசுக்கி ஒட்டி வருபவை. வீட்டு ஸ்பிளிட் ஏசிபோல அவற்றில் காஸ் அடிக்கும் வாய் இராது. குழாயைக் குத்தி வால்வு வைத்தால், அதுவரை ஒழுகாத மிசினுக்கு ஒழுக ஓர் இடம் கொடுத்தவர்களாவோம். அதனால் காஸ் கடைசி. முதலில் கரண்டு, அடுத்தது காற்று.

கரண்டிலிருந்து தொடங்குவோம். ஒரு மல்ரிமீற்றர் எடுத்து மூன்று அளவு எழுதுங்கள்: பின்னேரம் ஏழு மணிக்கு வீட்டுச் சொக்கெட்டில் எவ்வளவு, ஏசி நின்றிருக்கும்போது கரவன் பக்கத்தில் எவ்வளவு, கொம்பிரசர் முனகும் அந்த ஐந்து செக்கனில் கரவன் பக்கத்தில் எவ்வளவு. மூன்றாவது அளவுதான் முக்கியம். அதைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை.

எடுத்தால் என்ன வரும் என்று இப்போதே கணக்குப் போடலாம். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை கிலோமீற்றருக்கு 12.1 ஓம். போக 45, வர 45, ஆக 90 மீற்றருக்கு ஏறத்தாழ 1.1 ஓம். ஓடும்போது இந்த அளவு ஏசி 13 அம்பியர் இழுக்கும் என்று வைத்தால், வயரிலேயே 14 வோல்ற்று போய்விடும். ஓட்டத்துக்கு அது பெரிய பாதகமில்லை. ஆனால் எழும்பும் கணத்தைப் பாருங்கள். கொம்பிரசரின் லேபிளில் எல்ஆர்ஏ என்ற எழுத்துகளுக்கு எதிரே ஓர் எண் இருக்கும். ரோட்டர் சுற்றாமல் பூட்டி நிற்கும்போது அது இழுக்கும் கரண்டு அது. இந்த அளவு மிசினுக்கு 60 அம்பியரை ஒட்டி வரும். அந்தக் கரண்டை உங்கள் வயரால் கொடுக்க முடியாது. 120 வோல்ற்றில் மூன்றில் ஒரு பங்கை வயரே தின்றுவிட, மோட்டருக்கு 80க்கும் குறைவாகவே மிஞ்சும். வீட்டுக்கு வரும் 230, பின்னேரம் 205 ஆகிவிட்டால் மோட்டரில் 70தான். 70 வோல்ற்றில் எந்தக் கொம்பிரசரும் முனகத்தான் செய்யும். முனகும்போது சூடேறுகிறது. சூடேறியதும் அதன் தலையில் இருக்கும் ஓவர்லோட் 'டக்' என்று வெட்டுகிறது. உங்களுக்குக் கேட்ட சத்தம் அதுதான். அந்த 'டக்' இன்றுவரை உங்கள் கொம்பிரசரைக் காப்பாற்றி வந்திருக்கிறது. ஆனால் நாளுக்குப் பத்துத் தடவை அதை வேலை செய்ய வைத்தால் ஒருநாள் அதுவும் போய், மோட்டரின் கம்பிச் சுற்றும் கருகும்.

இதற்கு வைத்தியம் செலவில்லாதது. ரான்ஸ்போமரைத் தூக்கிக்கொண்டுபோய் கரவன் பக்கத்தில் வையுங்கள். நீண்ட வயரில் 230 வோல்ற்று போகட்டும். வோல்ற்று ஏறக்குறைய இரண்டு மடங்காவதால் அதே வேலைக்குக் கரண்டு பாதியாகிறது. கரண்டு பாதியானால் வயரில் விழும் வோல்ற்றும் பாதி, அது விழுவதும் 120இலிருந்து அல்ல, 230இலிருந்து. அதே வயரோடு, எழும்பும் கணத்தில் மோட்டருக்கு 104 வோல்ற்று அளவில் கிடைக்கும். வயரையும் 4 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினால் 113 அளவு. இடத்தை மாற்றுவது ஒருநாள் வேலை. வயருக்குக் காசு செலவாகும், ஆனாலும் மாற்றுங்கள். மிஞ்சிய வயரைச் சுருளாக வைத்து ஓட்டாதீர்கள், சுருள் சூடேறி உருகும்.

ரான்ஸ்போமரைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது, கனடாவின் கரண்டு 60 ஹேட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 அலை, எங்களுடையது 50. ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்கும், ஹேட்ஸை மாற்றாது. 60க்குச் செய்த மோட்டர் 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். குளிரும் ஏறத்தாழ அந்த அளவு குறையும். 13,500 என்று வாங்கியதில் 11,000 சொச்சம் கிடைத்தால் அது பழுதல்ல, இயல்பு. ஹேட்ஸ் குறையும்போது வோல்ற்றையும் அதே விகிதத்தில் குறைக்காவிட்டால் மோட்டரின் இரும்பு அளவுக்குமீறிக் காந்தமேறிச் சுடும். 120இன் ஆறில் ஐந்து பங்கு 100. ஆகவே ரான்ஸ்போமரில் 110, 120 என்று இரண்டு வாய் இருந்தால் 110ஐப் பிடியுங்கள். '120 என்று எழுதியிருக்கிறதே' என்று கூட்டிக்கொடுப்பது இங்கே கெடுதல். எழும்பும்போது 104 வந்தால் போதும் என்று நான் மனம்விட்டுச் சொல்வதும் இதனால்தான்.

இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. மலிவான ரான்ஸ்போமர்களில் பல ஒரே சுற்றில் முறுக்கியவை. உள்ளே வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் அவை பிரிப்பதில்லை. பிளக்கில் லைனும் நியூற்றலும் மாறிவிட்டால், கனடாக்காரர் நியூற்றல் என்று நம்பிச் செய்த வயரில் எங்கள் 230 முழுதாக நிற்கும். உங்கள் கரவன் இரும்புச் சேசிஸ். பிள்ளைகள் ஈர மண்ணிலிருந்து வெறுங்காலோடு அதில் ஏறுவார்கள். உள்ளும் வெளியும் தனித்தனிச் சுற்றாக இருக்கும் ரான்ஸ்போமர் வாங்குங்கள், மூன்று கேவீஏக்குக் குறையாமல். அதன் 110 பக்கத்தில் ஒரு முனையைச் சேசிஸோடும் எர்த்தோடும் இணைத்து, அந்தப் பக்கத்துக்கென்றே ஒரு ரிப் சுவிச் போடவேண்டும். வீட்டிலிருக்கும் ரிப் சுவிச்சுக்கு ரான்ஸ்போமருக்கு அப்பால் நடப்பது தெரியாது. இந்த ஒரு வேலையை மட்டும் அனுமதிப்பத்திரம் உள்ள எலக்ரீசியனிடம் கொடுங்கள். மற்றதெல்லாம் நீங்களே செய்யலாம்.

இனிக் கூரையில் ஏறுவோம். பிளக்கைக் கழற்றிய பிறகுதான். பிளாஸ்ரிக் மூடியைத் தூக்கும்போது மெதுவாகத் தூக்குங்கள். எங்கள் வெயில் பட்ட மூடி ஆணித் துளையோரம் வெடித்திருக்கும். உள்ளே வெள்ளி நிறத்தில் சோடாக் கான் போன்ற உருளை ஒன்றோ இரண்டோ இருக்கும். அவை மோட்டர் எழும்ப உதவும் கெப்பாசிற்றர்கள். கரண்டைக் கழற்றிய பின்பும் அவை கரண்டை வைத்திருக்கும். ஒரு 20 கிலோ ஓம், 5 வோட் றெசிஸ்ரரை இரண்டு முனையிலும் சில செக்கன் தொடவைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். ஸ்குறூட்றைவரால் பொறி பறக்கவிடுவது கெட்ட பழக்கம். பிறகு உருளையின் தலையைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்கவேண்டியது அப்பம்போல் உப்பியிருந்தால் அளந்து பார்க்கவே தேவையில்லை, மாற்றுங்கள். தட்டையாக இருந்தால் மைக்ரோபரட் அளக்கும் மீற்றரில் அளந்து, உடம்பில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். நூற்றுக்கு ஆறுக்கு மேல் குறைந்திருந்தால் அது களைத்துவிட்டது. குறைந்த வோல்ற்றோடு களைத்த கெப்பாசிற்றரும் சேர்ந்தால் நீங்கள் எழுதிய முனகல் அப்படியே வரும்.

அந்தப் பெட்டிக்குள் வேறொன்றும் பாருங்கள். முள்ளியவளைப் பக்கம் ஒரு மிசினைத் திறந்தபோது, றிலேயின் இரண்டு தொடுமுனைகளுக்கும் நடுவே ஒரு பல்லி, காகிதம்போல் காய்ந்து ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் அதுவரை இரண்டு தடவை காஸுக்குக் காசு கொடுத்திருந்தார். பழைய பல்துலக்கியால் தட்டி, தொடுமுனைகளைத் துடைத்துவிட்டதும் ஏசி ஓடியது. பல்லி, எறும்பு, குளவிக்கூடு, எலி கடித்த வயர் எல்லாவற்றையும் தேடிவிட்டே மூடியைப் போடுங்கள்.

கொம்பிரசரின் கம்பிச் சுற்றுச் சரியா என்று அறிய அதன் மூன்று முனைகளின் வயரையும் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் அளவில் அளக்கவேண்டும். மூன்று எண் வரும். சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வரவேண்டும். ஒவ்வொரு முனைக்கும் கொம்பிரசரின் இரும்பு உடம்புக்கும் இடையில் மீற்றர் எதுவும் காட்டக்கூடாது. இது சரிவந்தால் உங்கள் கொம்பிரசர் நல்ல சுகம். காலையில் ஓடுகிறது என்பதால் சரிவரும் என்றே நினைக்கிறேன்.

நின்ற ஏசியை உடனே திரும்பப் போடுவதும் முனகலைக் கொண்டுவரும். குழாய்க்குள் இரு பக்க அமுக்கமும் சமப்பட ஐந்து நிமிடம் வேண்டும். கரண்டு போய் உடனே வரும் இடங்களில் மனிதர் பொறுத்தாலும் மிசின் தானாக எழும்பப் பார்க்கும். ஃபிரிட்ஜுக்குப் போடும் தாமதக் கருவியை, 13 அம்பியர் தாங்குவதாகப் பார்த்து, ரான்ஸ்போமருக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

அடுத்தது காற்று. குளிர் போதாததற்கும் ஐஸ் கட்டுவதற்கும் நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் கூரைத் துளையை. வட அமெரிக்கக் கூரை ஏசிகள் 14 அங்குலச் சதுரத் துளைக்கு அளவெடுத்துச் செய்தவை. அந்த ஒரே துளையால்தான் அறையின் சூட்டுக்காற்று மேலே போகிறது, குளிர்காற்று கீழே வருகிறது. இரண்டையும் பிரிப்பது நடுவில் நிற்கும் ஒரு மெல்லிய தகடு மட்டுமே. உங்கள் கூரையை இரும்புச் சட்டத்தில், மேலே அலுமினியம், கீழே பலகை என்று ஊர் ஒட்டுக்கடையில் தடிப்பாகச் செய்திருப்பார்கள். தகடு எட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கும். குளிர்காற்று அறையைப் பாராமலே அந்த இடைவெளியால் திரும்ப மேலே உறிஞ்சப்படும். ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைத்தால் கொயில் உறைநிலைக்குக் கீழே இறங்கி ஐஸ் கட்டும். அறை 30 பாகையிலேயே நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தேமாமீற்றர் போதும். ஏசி இருபது நிமிடம் ஓடிய பின், கட்டிலருகே ஓர் அளவு, காற்றை உறிஞ்சும் கிறிலுக்குள் ஓர் அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். கட்டிலருகே 30, உறிஞ்சும் வாயில் 24 என்று வந்தால் கலப்பது நிச்சயம். பிறகு காற்று வெளியே வரும் வாயில் அளவுங்கள். உறிஞ்சும் வாயைவிட 9 முதல் 12 பாகை குறைவாக இருந்தால் காஸ் சரியாகவே இருக்கிறது. மழைக்கால ஈரப்பதத்தில் வித்தியாசம் இன்னும் குறையும், அதற்குப் பயப்படவேண்டாம்.

அடைக்கும் வேலைதான் இந்த மிசினுக்கு நீங்கள் செய்யக்கூடிய மாற்றங்களில் மிகப் பயனுள்ளது. ஒரு ஸ்பிறிட் துணி, ஒரு சுருள் அலுமினிய ரேப், அரை நாள். கீழ்க் கிறிலைக் கழற்றி, துளையின் நான்கு பக்கத்தையும் ஸ்பிறிட்டால் எண்ணெய்ப்பசை போகத் துடையுங்கள். எட்டாத தகட்டுக்கு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி நீட்டி, மூலைகள் எல்லாவற்றையும் ரேப்பால் ஒட்டி நகத்தால் தேய்த்துவிடுங்கள். துணி ரேப் வேண்டாம், வெயிலில் பசை உருகி இறங்கிவிடும். றெஜிபோம் அட்டையும் வேண்டாம், வயர் அருகே தீப்பிடிக்கும் பொருள் அது. கூரைத் தடிப்பின் உட்பக்கத்தையும் ரேப்பால் மூடுங்கள், இல்லையென்றால் குளிர்காற்று கூரையின் பலகைக்கும் தகட்டுக்கும் இடையே புகுந்து வீணாகும். முடித்ததும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்து வெளிச்சம் மறுபக்கம் தெரியக்கூடாது.

50 ஹேட்ஸில் உங்கள் ஃபேனும் மெதுவாகவே சுற்றுகிறது என்பதை மறக்காதீர்கள். ஆகவே அதை எப்போதும் உச்ச வேகத்தில் விடுங்கள். பில்ரரைக் கிழமைக்கு ஒருதடவை கழுவுங்கள். ஒட்டுசுட்டான் வீதியிலிருந்து கிறவல் ஒழுங்கைக்குள் கரவனை இழுத்துப் போனாலே வெளிக் கொயிலில் செம்புழுதி அப்பிவிடும். அதைச் சவர்க்காரத் தண்ணீரால் மெதுவாகக் கழுவவேண்டும்; அழுத்தக் குழாயால் அடித்தால் தகட்டு இதழ்கள் மடங்கிவிடும். நந்திக்கடல் ஓரம் நிறுத்தி வந்தால் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்னும்.

தண்ணீர் சொட்டுவது சின்ன விஷயம். ஏசிக்கும் கூரைக்கும் இடையே ஒரு போம் றப்பர் இருக்கும், நான்கு நீண்ட போல்ற் அதை அமுக்கிப் பிடிக்கும். ஓர் அங்குல றப்பர் அரை அங்குலமாக அமுங்கும்வரை நான்கையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் தட்டு வளைந்து அந்த வளைவால் ஒழுகும். மிசினின் அடித்தட்டில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி விடுங்கள், குளவி மண் அடைத்திருக்கும். கரவன் மட்டமாக நிற்கிறதா என்று ஒரு நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். கடைசியாக ஒரு செம்பு தண்ணீரை அடித்தட்டில் ஊற்றிவிட்டுக் கீழே ஓடிவந்து பாருங்கள். உள்ளே சொட்டாமல் கூரையோரமாக ஓடினால் வேலை முடிந்தது.

வெயிலையும் குறைத்துக் கொடுங்கள். பங்குனியிலிருந்து புரட்டாதிவரை எங்கள் பக்கத்து வெயிலில் அலுமினியக் கூரை கைவைக்க முடியாமல் சுடும், அந்தச் சூட்டோடு 11,000 பிடியூ மல்லுக்கட்டுகிறது. கிடுகுப் பந்தல் நல்லது, ஆனால் கூரையின் மேல் படியப் போடாதீர்கள். ஏசி கக்கும் சூடு வெளியேற மேலே நாலடி இடைவெளி வேண்டும். மரநிழலில் விட்டால் கொப்புகளைத் தறித்துவிடுங்கள். குரங்கு குதித்து மூடி உடைந்த ஏசிகளைப் பழுதுபார்த்து நான் அலுத்துவிட்டேன்.

ஜெனறேற்றர் கேள்விக்கு வருகிறேன். 2.2 கேவீஏ என்பது பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து கொடுப்பது 1.8 அளவில் இருக்கும். ஏசி ஓட 1.5 போதும், எழும்பத்தான் போதாது. ஒரு சொப்ற் ஸ்ரார்ட்டர் பூட்டினால் எழும்பும் கரண்டு பாதிக்கும் கீழே இறங்கும், அப்போது ஓட்டலாம். வாங்கும்போது 50 ஹேட்ஸுக்கும் ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். ஜெனறேற்றரில், சுமை குறைந்ததும் எஞ்சினை மெதுவாக்கும் எகோ சுவிச் இருந்தால் அணைத்து வையுங்கள். ஒருகாலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. கையில் இருப்பதை வைத்து ஓட்டும் திறமை எங்களிடம் நிறைய உண்டு. அந்தத் திறமையை இரண்டு இடத்தில் மட்டும் காட்டாதீர்கள். ஏசிக்குள் சமையல் காஸ் அடிக்கவிடாதீர்கள். படுக்கைக்கு மேலே இருக்கும் மிசினில் அது வெடிமருந்து. ஜெனறேற்றரைக் கரவனோடு சேர்த்து வைக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, தூங்குபவர் எழும்பமாட்டார். வைகாசியில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும், ஆகவே ஜெனறேற்றர் கரவனுக்கு வடகிழக்கே, குறைந்தது ஏழு மீற்றர் தள்ளி. காற்று திரும்பக்கூடும் என்பதால் எல்லாரும் படுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின், கொம்பிரசர் நன்றாக ஓடியும், காற்றுக் கலக்காமலும், வித்தியாசம் ஐந்து பாகைக்குக் கீழே நின்று, இழுக்கும் அம்பியரும் லேபிளைவிட மிகக் குறைவாக இருந்தால், அப்போது காஸ் என்று சொல்லலாம். குழாய் ஒட்டுகளில் எண்ணெய்க் கறை தெரியும். ஒழுகும் இடத்தை ஒட்டி, உள்ளே வெற்றிடமாக்கி, லேபிளில் எழுதிய நிறையைத் தராசில் நிறுத்து அடிக்கும் ஆளிடம் கொடுங்கள். மீற்றர் முள்ளைப் பார்த்து 'கொஞ்சம் விடுவம்' என்பவரிடம் வேண்டாம். கொம்பிரசரே போயிருந்தால் இந்த மிசினுக்கு மேலும் காசு போடாதீர்கள். 230 வோல்ற்று இன்வேட்டர் ஸ்பிளிட் 9,000 பிடியூவில் ஒன்றை வாங்கி முன்பக்கச் சுவரில் பூட்டுங்கள், ரான்ஸ்போமர் தொல்லையும் போய்விடும். கூரைத் துளைக்கு ஒரு காற்றுக்கதவு போட்டால் இரவுக்குச் சோளகம் உள்ளே வரும்.

பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னதாகவே எல்லாவற்றையும் முடித்து, ஒரு முழுப் பகலும் ஓட்டிப் பாருங்கள். வற்றாப்பளையில் நிறுத்தியதும், பிளக்கைப் போட முதல் ஏசியின் நான்கு போல்ற்றையும் கையால் ஒருதடவை பாருங்கள். நாற்பது கிலோ மிசின் பள்ளம் திட்டியில் குதித்து வந்திருக்கும், அரைச் சுற்றாவது தளர்ந்திருக்கும்.